ஆறு மணிச் சங்கு

பெத்தாய் பறிக்கத்தான் போனோம்.
லாபிஸ் சந்தையில் கட்டு ஆறு வெள்ளி;
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

செம்பனை முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால்,
அதைத் தாண்டினால் காடு.
செம்பனைக்கு வரிசை உண்டு, மரத்துக்கு நம்பர் உண்டு,
எங்கே நின்றாலும் மூன்று பக்கம் சந்து தெரியும்.
காட்டுக்கு அந்த மரியாதை இல்லை.
ஆளுக்கு இரண்டு கட்டோடு திரும்பினால்
வந்த வழியைக் காணோம்.

எனக்குத் தெரியும் என்றேன்.
நாலாம் நம்பர் லயத்தில் பிறந்தவள்,
இருபது வருஷம் இங்கே மருந்தடித்தவள்.
ரஃபீக் வந்து நாலு மாதம்.
தெரியும் தெரியும் என்று நடந்தேன்,
பிறகு வேகமாக,
பிறகு ஓடினேன்.
பிரம்பு முள் சட்டையைப் பிடிக்க
கிழித்துக்கொண்டு ஓடினேன்.
யாரோ கத்துகிறார்களே என்று பார்த்தால், நான்.

"துங்கு" என்றான்.
எங்களுக்குப் பொதுவாய் இருந்ததே
முப்பது நாற்பது மலாய் வார்த்தை. அதில் இது ஒன்று.
பொறு.
விழுந்த மரத்தில் உட்கார வைத்தான்.
பையில் இருப்பதை எடு என்று கை காட்டினான்.
லைட்டர். பாதி ரொட்டி. தலைவலித் தைலம்.
மோட்டார் சாவி. நாலு சதவீதத்தில் போன், லைன் இல்லை.
பரப்பி வைத்ததும் சின்னப் பெட்டிக்கடை மாதிரி இருந்தது.
சிரிப்பு வந்தது.
மூச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்போது ஆலைச் சங்கு ஊதியது.
ஆறு மணி.
என் முதுகுக்குப் பின்னால்.

இரண்டு மணி நேரமாய்
வீட்டை விட்டு
அவ்வளவு நிச்சயமாக
விலகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்தேன். அவன் எழவில்லை.
மேலே வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது.
பாராங்கை எடுத்து
சங்கு வந்த திசைக்கு முனை வைத்துத்
தரையில் கிடத்தினான்,
நகராதபடி இரண்டு பக்கமும் கல்.
இருட்டில் பயம் வந்து
வேறு திசை சொல்லும் என்று
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மழை. முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்தோம்.
ஊர் என்ன பேசும் என்று ஒருமுறை நினைத்தேன்,
காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தேன்,
இரண்டும் ஒன்றுதான்.

விடிந்தபோது பாராங் அப்படியே இருந்தது,
லேசாகத் துரு பிடித்து.
அது காட்டிய பக்கம் ஒரு மரம்,
அதற்கு நேரே இன்னொரு மரம்,
கண்ணால் கோத்துக் கோத்து நடந்தோம்.
வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்ட
முதல் செம்பனையைத் தொட்டபோது
மோட்டார் சத்தம் கேட்டது,
கூடவே தண்டல் திட்டும் சத்தமும்.

என் பெத்தாயை எங்கே போட்டேனோ,
இன்றுவரை ஞாபகமில்லை.
ரஃபீக் தோளில் இரண்டு கட்டு அப்படியே.
ஒன்றை என்னிடம் நீட்டினான்.