நூற்று நாற்பதாம் பக்கம்

பதினோராவது முறையாக
மரகதவல்லி மாடிப்படியில் விழப்போகிறாள்.
தெரியும் எனக்கு. தள்ளப்போவது யார் என்றும்.
மெடிக்கல் ஷாப்பில் ராத்திரி டியூட்டி,
நாலு ரோட்டில் கடைசி ஷேர் ஆட்டோவும் போய்விட்டது.
இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்தார்;
சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள்
அவள் இரண்டு படி ஏறியிருந்தாள்.

பழைய பஸ் ஸ்டாண்டு நடைபாதையில்
ஐடிஐ கைடுகளுக்கு அடியில் கிடந்த புத்தகம்.
அட்டை கிடையாது.
பதினெட்டு சொன்னார், பன்னிரண்டுக்குத் தந்தார்.

கதை நடப்பது ஏற்காட்டில்.
எழுதியவர் ஏற்காடு பார்த்ததில்லை, சத்தியம் செய்வேன்:
ஏரிக்கரை வரைக்கும் ரயில் விடுகிறார்.
கொலைகாரன் தப்பிப்பதே
அந்த எட்டு பத்து ரயிலை வைத்துத்தான்.
எனக்கு முன்னால் படித்த யாரோ
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்:
"இங்க ஏதுய்யா ரயிலு?"
நம்ம ஊர்க்காரர்தான்.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
கணக்கப்பிள்ளையின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம்.
"இவன்தான்."
முதல் தடவை நம்பிவிட்டேன்.
பாவம், மனுஷன் டீயை ஆற்றினால்கூட
சந்தேகப்பட்டேன்.
தொண்ணூற்றேழில் அதே பெயருக்கு ஒரு கேள்விக்குறி.
நூற்றுப் பதினெட்டில், சமையல்காரி பொய் சொல்லும் இடத்தில்,
"அடிப்பாவி!"
(மூன்றாம் முறை அவளுக்காக அழுதிருக்கிறேன்.
அவள் ஏன் பொய் சொன்னாள் என்பது
முதலிரண்டு முறை உறைக்கவில்லை.)

பாலில் கலந்த தூக்க மருந்தின் அளவுக்கு
ஒரு பூனைகூடக் கொட்டாவி விடாது.
இதை ஏழாவது முறைதான் பிடித்தேன்.
அதற்குள் டி.பார்ம் முடித்திருந்தேன்.

நூற்று நாற்பதில் எழுத்து ஏதும் இல்லை.
மடித்து வைத்த பஸ் டிக்கெட், சேலம் டு ஏற்காடு.
அதற்கப்புறம் பென்சிலே இல்லை.

கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றியதா?
முனை உடைந்ததா?
சீட்டிலேயே மறந்து இறங்கிவிட்டாரா?
துப்பறிகிறவர் வீடு வீடாகப் போய்க் கேட்கிற கேள்விகள்
எனக்கு மனப்பாடம்.
இதை மட்டும் அவர் யாரிடமும் கேட்பதில்லை.

இன்னும் இருபத்தாறு பக்கம்தான் இருந்தது.
எங்கேயோ அந்த ஆள்
கணக்கப்பிள்ளையை அரைமனதாய்
இன்னும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்.

டீக்கு இறங்கிய ஒருத்தர் திரும்பாமல்
வண்டியை எடுக்க மனசில்லாத கண்டக்டர் மாதிரி
கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்க்கிறேன்.
ஒரு நாய். ஒரு பால் வண்டி.

டிக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு
ரைட்.
நூற்று நாற்பத்தொன்று.