கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்

காலை ஆறுக்கு இரவு ஷிப்ட் முடியும்.
ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன் வரும்.
நடுவில் குழாய்த் தண்ணீர், இட்லிப் பானை,
மகளின் ரெட்டைச் சடை எல்லாம் போக
இருபத்தாறு நிமிடம் எனக்கு.
அளந்துதான் வைத்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஏழாம் கவுண்டர்.
எட்டு மணிநேரம் உட்கார்ந்திருப்பேன்,
ஓடுவதெல்லாம் எனக்கு வெளியே.
பாஸ்டேக் வேலை செய்கிறவர்கள் நிற்பதில்லை.
வேலை செய்யாதவர்கள்தான் என்னிடம் வருவார்கள்,
வரும்போதே கோபத்தோடு.
அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லாரி
ஏர்ஹாரனை அழுத்தி
என் பல் வேரைத் தொடும்.
வீடு திரும்பியும் ஒரு மணிநேரத்துக்கு
குக்கர் விசில் எங்கோ அடுத்த தெருவில் கேட்கும்.

டீக்கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.
காது கேளாத பிள்ளைகளுக்குக் கருவி வாங்க
ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்.
கட்டணம் முந்நூறு, டீ சர்ட் உண்டு.
டீ சர்ட்டுக்காகத்தான் முதலில் படித்தேன்,
பொய் சொல்வானேன்.

முதல் நாள் சர்வீஸ் ரோட்டில்
மின்கம்பம் எண்ணி ஓடினேன்.
நாலாவதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பஞ்சர் கடை நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.
இருபதாம் நாள் அது குரைத்துத் துரத்தியபோது
பெருமையாக இருந்தது.

வைகாசி.
கூழ் ஆலைக்குப் போகும் வண்டிகள் கடக்கையில்
இரைக்கும் மூச்சும் இனிப்பாகத்தான் உள்ளே போனது.
சையத் பாஷா மலைமேல் வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும்.
டபுள் ஷிப்ட் நாள், மகளுக்குக் காய்ச்சல் நாள்,
எனக்கே தூரமான நாள்,
இவற்றுக்கெல்லாம் வெறும் கோடு.
கேலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில்
நிமிடங்களை எழுதி வைத்தேன்.
பால்காரர் குழம்பிப்போய்
ஒரே நாளில் இருபத்தாறு லிட்டரா என்றார்.

நிதி திரட்ட ஒரு படிவமும் கொடுத்திருந்தார்கள்.
மூன்றாம் கவுண்டர் திம்மராயன் எழுதினார்:
கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்.
"முடிச்சாத்தான் தருவேன் நாகவேணி.
பாதியில நின்னா பாதிதான்."
கிரேன் ஓட்டும் அல்லாபகஷ் இருபது.
கூட்டிப் பெருக்கும் கெம்பம்மா ஐந்து,
அதையும் அப்போதே, சில்லறையாக.
ஒன்பது வருடம்
ஊரார் போகும் தூரத்துக்கு ரசீது கிழித்தவள்
முதல் முறையாக
என் தூரத்துக்கு விலை கேட்டேன்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை.
சனி ராத்திரி ஷிப்டை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.
தூங்காமலே போய் நின்றேன்.
நான்கு ஊக்கு, எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
டீ சர்ட் தொடை வரை தொங்கியது,
துப்பட்டாவைப் பையில் சுருட்டிவிட்டேன்.
விசில் ஊதவில்லை.
ஒரு சிறுமி பச்சைக் கொடியை இறக்கினாள்.
மூன்றாவது கிலோமீட்டரில் விலாவில் குத்தல்.
ராயக்கோட்டை சாலையின் மேட்டில்
நூறு அடி நடந்தேன்.
இதைத் திம்மராயனிடம் சொல்லவில்லை.

முடிவுக் கோட்டில் கைதட்டல் கேட்கவில்லை.
யாரும் பார்க்கவில்லையோ என்று நிமிர்ந்தால்
இரண்டு பக்கமும் கைகள்.
தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து,
மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி
அந்தப் பிள்ளைகள்.
அவர்கள் கைதட்டுவது அப்படித்தானாம்.
காற்றடிக்கும் புளியமரம் போல இருந்தது,
ஓசையை மட்டும் யாரோ எடுத்துவிட்ட புளியமரம்.
இத்தனை கைகள் என்னை நோக்கி நீண்டு
ஒன்றுகூட மீதிச் சில்லறை கேட்காதது
அன்றைக்குத்தான்.

திங்கள் இரவு
ஐம்பது ரூபாயை எண்ணித் தந்துவிட்டு
திம்மராயன் ரசீது கேட்டார்.
என் லேனில் ஒரு லாரிக்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
கண்ணாடிக்குள்ளிருந்து
இரண்டு கைகளையும் உயர்த்தித் திருப்பினேன்.
மெஷின் ரிப்பேர் என்று நினைத்து
பக்கத்து லேனுக்குப் போய்விட்டான்.