முன்னைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு

கார்த்திகை மழையில் தாழங்குடா மதகடியில்
நாய் குறுக்கே போனது.
நாய்க்கு ஒன்றுமில்லை.
எனக்கு இடது காலில் ஒரு தகடு, ஏழு ஆணி.
"மூணு மாசம்" என்றார் டொக்டர்
தனக்குத் தெரிந்த தமிழில்,
நம்பாதவன் என்று நினைத்தாரோ, மூன்று விரலையும் காட்டினார்.

மூன்று மாதத்தில் படுவான்கரையில் வெள்ளாமை வெட்டி
நெல் ஏற்றிய லொறிகள் பாலம் தாண்டிப் போய்விட்டன.
எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்து
"இடைவெளி இருக்கு, பாருங்க."
பார்த்தேன்.
கறுப்பாய், தலைமயிர் தடிப்பில்,
நான் நடக்க முடியாத தூரம்.

இருபத்திரண்டு வருடம்
அடுத்தவர் வீட்டு மின்மானி வாசித்தவன் நான்.
கட்டாருக்குப் போனவர்களின் பூட்டிய வீட்டிலும்
சக்கரம் அரக்கும்.
அணைக்க மறந்த ஏதோ ஒரு சிவப்புப் பொட்டு வெளிச்சம்
மாதத்துக்கு ஒரு அலகு தின்னும்.
எனக்குள்ளும் அப்படி ஏதும் ஓடுகிறதா என்று
இரவில் காலைத் தடவுகிறேன்.
ஓர் ஆணித்தலை தட்டுப்படுகிறது. அவ்வளவுதான்.

என் தெருக்களில் இப்போது நிப்ராஸ்.
"ஆறாம் குறுக்கில ஒரு மனிசி கேட்டா,
அந்தக் கறுத்த தம்பி வந்தா பில் குறையுமாம்."
சிரித்தோம். மறுகா அவன் ஊன்றுகோலைப் பார்த்தான்.
நண்டுச் சாறு கொண்டு வந்திருந்தான்,
அவன் உம்மா தந்த போத்தலில்.

ஐந்தாம் மாதம் டொக்டர் கேட்டார்: "சிகரட்?"
"இல்ல."
தவமலர் பக்கத்தில் நின்றாள்,
கிளினிக் கொப்பியின் மூலையை மடித்து, நிமிர்த்தி, மடித்து.

கக்கூசுக்குப் பின்னால்
ஊன்றுகோலை மதிலில் சாய்த்துவிட்டு,
நாளைக்கு ரெண்டு. சில நாள் நாலு.
ஒற்றைக் காலில் நின்று புகைப்பது லேசில்லை.

எங்கள் அடுப்பு காஸ், அதற்கு லைட்டர் உண்டு.
சாமி விளக்குக்கு ஒரு குச்சி போதும்.
என்றாலும் நெருப்புப்பெட்டி தீரத் தீர
புதுசு வாங்கி அதே தட்டில் வைத்தாள்.
ஒருநாள் கலண்டரைத் திருப்பினேன், கிளினிக் திகதி பார்க்க.
ஒவ்வொரு நாளின் அடியிலும் பென்சிலால்
37, 34, 31, 27.
முன்னையது, தற்போதையது.
கழித்துப் பார்க்கும் வேலையை
எனக்கே விட்டிருந்தாள்.

அன்றோடு விட்டேன் என்று எழுதினால்
அதுவும் டொக்டருக்குச் சொன்னது போலத்தான்.
பதினொரு நாள் எடுத்தது.
இடையில் ஒரு தோல்வி, திருவிழா இரவில்.

ஒன்பதாம் மாதப் படத்தில்
கறுப்புக் கோட்டின் ஒரு பக்கம்
புகை படிந்தாற் போல் மங்கல் வெள்ளை.
சாரத்து முனையால் துடைத்தேன்.
"ஊத்த இல்ல," டொக்டர் சிரித்தார், "அதுதான் எலும்பு."

தவமலர் படத்தை வாங்கி
வெளிச்சத்துக்குப் பிடிக்கவில்லை.
மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.