நூற்றுக்கு முப்பத்தெட்டு

டாம் வீதியில் இரும்புக் கடைக்கு மேலே
எங்கள் சங்கம்.
கீழே தகடு வெட்டினால்
மேலே தட்டில் விதைகள் மெல்லத் துள்ளும்.
ஏழு பேர். ஏழு பங்கு. ஒரே ஒரு மின்விசிறி.
எங்களிடம் ஒருதரம் விதை வாங்கினவர்
காயை முற்றவிட்டால் போதும்,
மறுதரம் வரத் தேவையில்லை.
இந்த வியாபாரத்தை ஒரு வங்கி மனேஜருக்கு
விளங்கப்படுத்தப் போனது தனிக்கதை.

நனைத்த பழைய பேப்பரில் நூறு வரிக் கத்தரி விதை
அடுக்கிச் சுருட்டி வைத்திருந்தோம்.
பத்தாம் நாள் சோமலதா விரித்தாள்.
தங்கத்தின் விலைக்கும் ஒரு மரண அறிவித்தலுக்கும் நடுவே
அங்கொன்றும் இங்கொன்றுமாய் வெள்ளை வால்கள்.
சிங்களத்தில் எண்ணினாள்.
நம்பாமல் சுகிர்தா தமிழில் எண்ணினாள்.
இரண்டு மொழியிலும் முப்பத்தெட்டு.

மே மாதக் கொழும்பு
மூடியின் புரிக்குள்ளும் புகுந்துவிடும்.
அந்தப் போத்தலை யார் இறுக்கவில்லை என்று
ஒருவரும் கேட்கவில்லை.
அவரவர் விரலை அவரவர் பார்த்துக்கொண்டோம்.

இருநூற்றுப் பன்னிரண்டு பைக்கற் ஏற்கனவே போய்விட்டது,
ஒவ்வொன்றிலும் பௌஸ்தீனின் குண்டு எழுத்தில்:
எண்பத்தைந்து முளைக்கும்.
காசைத் திருப்பினால் இந்த மாதச் சம்பளத்தில்
ஆளுக்கு எவ்வளவு குறையும் என்று
கணக்கு எழுதுகிற நான்தான் சொன்னேன்.
கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

திருப்புவோம் என்றால் கௌபி,
வேண்டாம் என்றால் உளுந்து.
பால்மா டின்னை யூஜின் மேசையில் கவிழ்த்தான்.
ஐந்து கௌபி. இரண்டு உளுந்து.
அதில் ஒரு உளுந்தை எனக்குத் தெரியும்.
மகளின் ஸ்கூல் வான் காசும் வீட்டு வாடகையும்
அடகுக் கடைத் துண்டும் சேர்ந்து திரண்ட கறுப்பு.
மற்றது யாருடையது என்று இன்றும் தெரியாது.
தெரிந்தால்
அவரோடு ஒரு தேத்தண்ணி குடித்திருப்பேன்.

என் பங்குக்கு முப்பது நம்பர்.
முகத்துவாரத்து மாடிவீட்டு அம்மா சொன்னார்:
"எனக்கு எல்லாம் முளைச்சிட்டுது தம்பி,
பல்கனியில கால் வைக்க இடமில்ல.
காசு வேண்டாம். கன்று வேணுமா?"
தெஹிவளையில் எடுக்கவேயில்லை.
தெமட்டகொடையில் ஒருவர்,
பதினைந்து வாளிக்கு மண் நிரப்பிக் காத்திருந்தவர்,
கத்தினார்:
"ஒன்னோட எனக்கென்ன பேச்சு?
மொதலாளிக்கிட்ட போனக் குடு."

திரும்பிப் பார்த்தேன்.
பசை தடவிய விரலோடு சுகிர்தா.
தராசின்மேல் குனிந்தபடி பௌஸ்தீன்.
கீழே தகடு வெட்டுவதும் அந்த நேரம் பார்த்து நின்றது.
பதின்மூன்று வருடம் புறக்கோட்டைத் துணிக்கடையில்
முதலாளி வெளியே போயிருக்கிறார்,
முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று
பழகிய வாய் இது.

"முதலாளிதான் பேசுறன்" என்றேன்.
"சொல்லுங்கோ."

சொன்னார்.
பதினொரு நிமிடம்.