பிடரி

டைகர் மாத் விமானத்தில்
ஆசிரியருக்கு முன் இருக்கை.
மாணவன் பின்னால்.
நடுவில் ஒரு ரப்பர்க் குழாய்,
அதற்குள் போய்வரும் குரல்.

அதனால், நாற்பத்திரண்டில்
சஸ்காச்சுவான் கோதுமைக்கு மேலே
என் அப்பா ஆர்ன்ட் ஹெக்லண்டிடம்
பறக்கக் கற்ற நூற்றுப் பதினேழு பையன்களும்
பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தையல்ல.
தோல்தொப்பிக்கும் கம்பளித் துணிக்கும் இடையே
இரண்டு விரற்கடை பிடரி.
அது சிவந்தால் கோபம் என்று
அவர்களாகவே ஒரு பாடம் எழுதிக்கொண்டார்கள்.
ஜனவரியில் எப்போதும் சிவந்தே கிடந்தது.

அவர் வேலை
கைகளை மடியில் வைத்திருப்பது.
பின்னால் இருப்பவன் மூக்கைத் தூக்குகிறான்,
வேகம் சாகிறது, ஓர் இறக்கை தொய்கிறது,
களஞ்சியமும் ரயில்பாதையும் சுழலத் தொடங்குகின்றன.
அப்போதும் மடியில்தான்.
"இன்னும் ஒரு விநாடி. அது அவனுடையது."
எந்த விநாடியிலிருந்து அது தன்னுடையது என்று
எந்தக் கையேடும் சொல்லவில்லை.

போர்முனைக்கு அனுப்புங்கள் என்று
இரண்டு முறை எழுதினார்.
நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாய், இங்கேயே இரு
என்று இரண்டு முறை பதில்.

பதிவேட்டில் ஒரு மார்ச் ஒன்பது இருக்கிறது.
மாணவன்: கெல்லண்ட்.
புறப்பட்டது பத்து மணி நான்கு நிமிடம்.
இறங்கியது என்ற கட்டம் காலி.
அடுத்த பதிவு ஜூனில், வேறு மையில்.

பிறகு மொன்றியல். பொறியியல் பட்டம், அம்மா, நான்.
வாயில்வரை தண்ணீர் நிறைந்த தொட்டியில்
உடலை அமிழ்த்தி, இறக்கையை வெளியே நீட்டி,
ராட்சத முழங்கைகள் மாதிரி பாய்மத் தண்டுகள்
மேலே கீழே மேலே கீழே
இரவும் பகலும் அதை வளைத்தன.
உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டால்
ஒடெட், என் அம்மா, சொல்வாள்:
"உடைக்கிறார்."

மயிரிழை விரிசல் பிறக்கும்.
அதன் நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு,
பக்கத்தில் எண்: 41,206.
நிறுத்திவிடலாமா என்று கேட்பவர்களிடம்
தலையசைப்பார்.
அது எவ்வளவு தாங்கும் என்று
அதுவே சொல்லட்டும் என்பார்.
ஒருநாள் விடியலில் இறக்கை முறிந்த சத்தம்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டதாம்.
அன்று கேக் வாங்கி வந்தார்.
அந்த ரக விமானத்தில் அந்த ஆணியை மாற்றினார்கள்.
யாரும் சாகவில்லை;
சாகாதவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

எண்பத்தேழில் ஒரு மாலை
நியூசிலாந்திலிருந்து கம்பளி விற்க வந்த
லாக்லன் ட்ரூ எங்கள் வாசலில் நின்றார்.
அப்பாவை உற்றுப் பார்த்தார்,
தவறான வீடோ என்பதுபோல்.
"மன்னியுங்கள். கொஞ்சம் திரும்பி நிற்க முடியுமா?"

அப்பா திரும்பினார்,
மேலங்கிகள் தொங்கும் கொக்கிகளைப் பார்த்து.
நான் கொக்கிகளின் பக்கம் நின்றிருந்தேன்.
அறுபத்தாறு வயது முகம்,
பின்னாலிருந்து ஒரு குரல் வர
காத்திருந்தது. அப்படி ஒரு பயத்தை
அந்த முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அவரேதான்," என்றார் ட்ரூ.
"இப்போதும் சிவக்கிறது."

தொண்ணூற்றாறில் உரிமத்தைப் பிடுங்கினார்கள்.
நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து
இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பார்.
கைகள் மட்டும் மடியில்.

கடைசி வாரம் படுக்கைப்புண் வராதிருக்க
இரண்டு மணிக்கு ஒருமுறை
சுவர்ப் பக்கம் புரட்டிப் படுக்கவைத்தாள் செவிலி.
எனக்குக் கிடைத்தது பின்னாலிருந்த நாற்காலி.
முதல்முறையாக அந்த இரண்டு விரற்கடையை
மணிக்கணக்கில் பார்த்தேன்.
வெளுத்திருந்தது. குறுக்குமறுக்காகக் கோடுகள்,
எண் எழுதாத விரிசல்கள்.

அந்த மார்ச்சைப் பற்றிக் கேட்க
நாக்கு நுனிவரை வந்தது.
மூச்சு ஏறியது, நின்றது,
மறுபடி ஏறியது.

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

தெருவில் பனிவாரி வண்டி
பின்னோக்கி வரும் மணியை அடித்தபடி
யாருடைய வாசலையோ தேடிக்கொண்டிருந்தது.