கழிவு

பாசையூர்க் கரையில் தராசுக்குத் தீராத தாகம்.
பத்துக் கிலோ நண்டை வைத்தால்
ஒரு கிலோவைக் குடித்துவிடும்.
“ஈரத்துக்கு” என்பார் பெனடிற் முதலாளி,
கொப்பியில் ஒன்பது என்று எழுதியபடி.
கடலில் பிடித்தது
காய்ந்தா வரும் என்று
ஒருவரும் கேட்டதில்லை.
கேட்கக்கூடிய வாய்கள் எல்லாவற்றிலும்
அவருடைய முற்பணம் இருந்தது:
இயந்திரத்துக்கு, வலைக்கு,
அந்தோனிப்பிள்ளை மகளின் முதல்நன்மைச் சட்டைக்கு.

நான் அப்போது கொம்பனியில் சதை பிரிப்பவள்.
வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து.
மார்புத் துண்டு உடையாமல் வந்தால் முதலாம் தரம்,
உடைந்தால் இரண்டாம் தரம்,
ஓடு கிழித்த விரலுக்குத் தரம் கிடையாது.
ஒருநாள் தவறி வந்த டின் ஒன்றில்
விலை ஒட்டியிருந்தது, அந்நியக் காசில்.
சோற்றுப் பொதிக் கடதாசியில்
அதை ரூபாயாக்கிப் பெருக்கினேன்.
விடையைப் பார்த்து,
பிழையாய்ப் பெருக்கிவிட்டேன் என்று
திரும்பவும் பெருக்கினேன்.
அன்று பின்னேரம் என் மேசையில்
முதலாம் தரம் குறைவு.

நியாய வணிகம் என்ற சொல்
எங்களிடம் ஒரு படிவமாக வந்தது. பதினேழு பக்கம்.
நிரப்ப ஆள் வேண்டுமென்று
என்னைச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள்.
நாலாம் பக்கத்தில் ஒரு கேள்வி:
தராசு யாருடையது?
மாதா கோவில் மண்டபத்தில்
அதை உரக்க வாசித்தேன்.
மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

வலை இறக்குமுன் விலையை எழுதித் தருவோம்
என்றார்கள், சரி.
முற்பணத்துக்கு வட்டி இல்லை, சரி.
சினை நண்டைத் திரும்பக் கடலில் விடவேண்டும்
என்றதும் கதிரைகள் கிரீச்சிட்டன.
“நான் விட்டால் றோலர்காரன் விடுவானோ?”
யேசுறட்ணம் கேட்டது நியாயமான கேள்வி.
இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.
படிவத்திலும் இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்:
முதல் வருடம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.
சான்றிதழுக்கே ஒரு கட்டணம்.
நியாயமும் இலவசமில்லை.
எங்கள் நண்டில் பாதியைத்தான்
அந்த விலைக்கு வாங்கினார்கள்.
மீதி பெனடிற்றின் தராசுக்கே போனது,
நாங்கள் தலையைக் குனிந்தபடி.

சங்கத்துக்கென்று வந்த மேலதிகப் பணத்துக்கு
வாக்கெடுப்பு.
அந்தோனியாருக்குக் கெபியா, ஐஸ் அறையா?
நாற்பத்தொன்றுக்கு முப்பத்தொன்பது.
தோற்றவர்கள் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை,
ஐஸ் அறைக்குள் மட்டும் வந்துபோனார்கள்.

அதற்குப் பிறகுதான் விளங்கியது.
விடியப் பிடித்த நண்டு மத்தியானம் நாறும்.
அந்த ஆறு மணித்தியாலம்தான்
பெனடிற்றின் முழு முதல்.
இப்போது நண்டு நாளைவரை பொறுக்கும்.
ஆகவே நாங்களும் பொறுத்தோம்.
மூன்றாம் நாள்
கதவடியில் பெனடிற் நின்றார்.
எங்கள் தராசின் எண்களைக்
கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தார்.
“ஈரத்துக்கு?” என்றார்.
கரை முழுக்கச் சிரித்த சிரிப்பில்
அவரும் கொஞ்சம் சிரித்தார்.

நேற்று யேசுறட்ணத்தின் கூடையை நிறுத்தேன்.
பத்துக் கிலோ இருநூறு.
அடியில் நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
எனக்குத் தெரியும், அந்த இருநூறும் கடல்.
பேனை ஒரு கணம் நின்றது.
என் கையிலும் அந்தத் தாகம்.
பத்து இருநூறு என்றே எழுதினேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை.
தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து,
வயிற்றில் செம்மஞ்சள் முட்டை அப்பிய ஒரு நண்டில்
சிக்கிய வலைநூலைப்
பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார்,
றோலர்காரனை வாய்க்குள் திட்டியபடி.