சராசரி

எங்களுக்கு ஒரே கார், இரண்டு வேலை நேரம்.
பகலில் மொரியோ ஓட்டுவான், உருளைக்கிழங்குக் கிடங்குக்கு.
இரவில் நான்,
காமிஃபுரானோ முதியோர் இல்லத்துக்கு.
பேசிக்கொள்வது குறைவு.
வண்டித் திரையின் மூலையில் ஓர் எண் இருக்கிறது,
லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று.
அவன் ஓட்டியதும் நான் ஓட்டியதும்
பிரிக்க முடியாமல் அதில் கலந்திருக்கும்.
முதல் தேதி பூஜ்ஜியமாக்குவோம்.
கல்யாணப் பதிவுத்தாளைவிட
அதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

பியேயின் மேடுகள் மலை அல்ல.
மலை என்றால் வண்டி முனகும்,
நமக்கும் ஒரு சாக்கு கிடைக்கும்.
இவை போர்வைக்குள் யாரோ
முழங்காலை மடக்கிப் படுத்த மாதிரி:
கோதுமை ஒரு முழங்கால்,
சர்க்கரைக் கிழங்கு ஒரு முழங்கால்.
ஏறுவது தெரியாமல் ஏறுவோம்,
பெட்ரோல் போவது தெரியாமல் போகும்.

முதல் வருஷம் மேட்டோடு மல்லுக்கு நின்றேன்.
அறுபது என்றால் உச்சியிலும் அறுபது.
எஞ்சின் கத்தும். எண் இறங்கும்.
பத்தொன்பது புள்ளி எட்டு.
சமையலறையில் மொரியோ ஒன்றும் சொல்லவில்லை,
அரிசியை மட்டும் சத்தமாகக் கழுவினான்.

பிறகு சாலையே பிடிபட்டது.
மேடு வருமுன் கொஞ்சம் வேகம் சேர்த்துக்கொள்.
ஏறும்போது இழக்கச் சம்மதி,
ஐம்பத்தைந்து ஆகட்டும், ஐம்பது ஆகட்டும்.
பனியில் சாலை விளிம்பைக் காட்டத்
தலைக்குமேல் தொங்குகின்றனவே சிவப்பு வெள்ளை அம்புகள்,
உச்சிக்கு இரண்டு அம்பு முன்னே காலை எடு.
இறக்கத்தில் பிரேக்கைத் தொடு,
காய்ச்சல் பார்க்கும் கைபோல.
மிதித்தால் சூடாகி வீணாகும்,
தொட்டால் மின்கலத்தில் ஊறும்.
இன்னொன்று:
பெரிய இறக்கம் வருமுன்பே கொஞ்சம் செலவழித்துவிடு,
நிரம்பிய மின்கலம் எதையும் வாங்கிக்கொள்ளாது.
(மூன்று குளிர்பெட்டி வைத்திருக்கும் என் மாமியாரிடம்
இதைச் சொல்லிப் பார்த்தேன்.)

சயுரி என் வார்டுதான். டீசல் ஜீப்.
முந்தும்போது கண்ணாடியை இறக்கிக் கேட்பாள்,
"இறங்கித் தள்ளட்டுமா?"

ஆகஸ்டில் இருபத்தேழு புள்ளி நான்கு.
ஸ்டியரிங்கில் ஒரு ஒட்டுத்தாள், மொரியோவின் கையெழுத்து:
"என்னால்தான்."
அடியில் எழுதினேன்: "தூக்கத்திலா?"

ஜனவரி. மைனஸ் பதினெட்டு.
ஹீட்டர் போட்டால் எஞ்சின் ஓயவே ஓயாது.
அணைத்துவிட்டேன்.
மடியில் போர்வை, இரண்டு ஜோடி காலுறை,
மூச்சு படியாதிருக்க ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி.
மாதக் கடைசியிலும் இருபத்திரண்டு நின்றது.
எப்படி என்று அவன் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் எண் சரியத் தொடங்கியது.
நான் ஓட்டுவது அப்படியேதான்.
இருபத்தொன்று. பத்தொன்பது.
மேட்டோடு சண்டை போடுகிறான் என்று நினைத்தேன்.
யார்மீதோ கோபம், பெடலில் காட்டுகிறான்.
மூன்று நாள் சூப்பில் உப்பைக் குறைத்தேன்.
நடுவே என் போர்வையும் காணாமல் போயிருந்தது.

எட்டே முக்காலுக்கு
"பனி தள்ளிவிட்டு வருகிறேன்" என்று போவான், தினமும்.
அன்றைக்குப் பனியே பெய்யவில்லை.
வானம் நிறைய நட்சத்திரம்.
பூட்ஸ் மாட்டினான், மண்வெட்டியை எடுத்தான், போனான்.

ஜன்னலோரம் நின்று பார்த்தேன்.
முற்றத்தில் எங்கள் கார் உறுமிக்கொண்டிருந்தது,
பின்னால் வெள்ளைப் புகை.
பக்கத்தில் மொரியோ,
நேற்றே தள்ளிய பனியை
இன்னொரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான்.

ஒன்பதுக்கு ஏறி உட்கார்ந்தேன்.
யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி
இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது.
திரையில் பதினெட்டு புள்ளி மூன்று.

முதல் மேட்டில் பழக்கப்படி விட்டுக்கொடுத்து ஏறினேன்.
இரண்டாவதில்
அம்புகளை எண்ண மறந்தேன்,
காலை எடுக்கவும் மறந்தேன்.
எஞ்சின் கத்தியது, கத்தட்டும்.
பதினெட்டு புள்ளி இரண்டு.
குறைந்த அந்த ஒரு புள்ளி
என் பங்கு.